ரம்மி திறன் விளையாட்டா? கண்ணில் பட்ட சீட்டுகள் சொல்லும் நிகழ்தகவுக் கணக்கு

புது தில்லி: ரம்மி அதிர்ஷ்டத்தின் ஆட்டமா, திறனின் ஆட்டமா என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. இதற்கு உச்ச நீதிமன்றம் அளித்த முக்கியமான விடை, விழுந்த சீட்டுகளை ஆட்டக்காரர் நினைவில் வைத்திருப்பதைச் சார்ந்தே அமைந்தது. அந்த நினைவு வாய்ப்பை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

செகந்திராபாத்தில் இயங்கிய கிரசண்ட் பொழுதுபோக்கு மன்றம் தொடர்பான வழக்கு அது. ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே.சத்யநாராயணா என்ற அவ்வழக்கில், மூன்று சீட்டு ஆட்டங்கள் முற்றிலும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவை என்றும், ரம்மியில் திறனே மேலோங்கியிருக்கிறது என்றும் நீதிமன்றம் கூறியது. பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டுப் பகிர்வில் உள்ள அதே தன்மையிலான அதிர்ஷ்டமே ரம்மியிலும் உள்ளது என்பது தீர்ப்பின் கருத்து.

மூன்று சீட்டு: 52 சீட்டுகளிலிருந்து மூன்றை 22,100 விதங்களில் எடுக்கலாம். ஒரே எண் கொண்ட மூன்று சீட்டுகள் சேர்வது அவற்றில் 52 விதங்களில் மட்டுமே. அதாவது 0.235 சதவீதம். ஒருவர் தம் கையில் ஏஸ், ராஜா, ராணி இருப்பதைப் பார்த்துவிட்டார் எனக் கொள்வோம். எஞ்சிய 49 சீட்டுகளில் எதிராளிக்கு அத்தகைய கை அமையும் வாய்ப்பு 18,424க்கு 43, அதாவது 0.233 சதவீதம். கையைப் பார்த்ததால் இந்த வாய்ப்பு ஏறக்குறைய மாறவே இல்லை.

ரம்மி: இருவர் ஆடும் 13 சீட்டு ரம்மியில் இரண்டு கட்டுகளும் இரண்டு ஜோக்கர்களும் சேர்ந்து 106 சீட்டுகள் உள்ளன. தம் 13 சீட்டுகள், ஜோக்கராகத் திருப்பப்பட்ட சீட்டு, திறந்த சீட்டு ஆகியவை போக, கண்ணில் படாதவை 91. கையில் ஆர்ட்டின் 5, 6 வைத்திருப்பவருக்கு 4 அல்லது 7 வேண்டும். ஜோக்கர்களை விட்டுவிட்டால் அத்தகைய சீட்டுகள் நான்கு. எனவே அடுத்து எடுப்பது பொருந்தும் வாய்ப்பு 91க்கு 4, சுமார் 4.4 சதவீதம்.

பலர் தவறுவது இங்கேதான். எதிராளியின் 13 சீட்டுகளைக் கழித்து 78ஆல் வகுக்கின்றனர். வேண்டிய சீட்டு அந்தப் 13இலும் இருக்கக்கூடும் என்பதால், பார்க்காத சீட்டு எங்கிருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மேலும் 20 சீட்டுகள் வெளிப்பட்டபின் நிலைமை வேறு. அவற்றில் இரண்டு ஆர்ட்டின் 7களும் போய்விட்டிருந்தால் வாய்ப்பு 71க்கு 2, அதாவது 2.8 சதவீதம். வேண்டிய சீட்டு ஒன்றுகூட வராதிருந்தால் 71க்கு 4, அதாவது 5.6 சதவீதம். கவனித்தவருக்கு 5, 6ஐக் கழிப்பதா, காத்திருப்பதா என்பது தெரியும். கவனிக்காதவர் பழைய 4.4 சதவீதத்தையே நம்பிக்கொண்டிருப்பார். எதிராளி எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்பதும் ஒரு தகவல்தான். அதை எண்ணாக மாற்றுவது இவ்வளவு எளிதல்ல.

ஆனால், திறன் என்பது வெற்றிக்கான உறுதி அல்ல. மேற்கண்ட சிறந்த நிலையிலும் அடுத்த சீட்டு பொருந்தாமல் போகும் வாய்ப்பு 94 சதவீதத்துக்கு மேல். எதிராளியும் அதே அளவு நினைவாற்றல் உள்ளவராக இருந்தால், ஒருவரின் அனுகூலம் மற்றவருடையதால் சமன்பட்டுவிடும். பணம் வைத்து ஆடும்போது ஆட்டத்தை நடத்துவோர் பிடித்துக்கொள்ளும் கட்டணம் மட்டும் இருவருக்கும் நட்டமாகவே நிற்கும்.

சட்டத்தின் நிலையும் ஒரே சீராக இல்லை. புனே அருகிலுள்ள ரஞ்சன்காவ் உள்ளிட்ட மகாராஷ்டிரப் பகுதிகளுக்கான 1887ஆம் ஆண்டு சூதாட்டத் தடுப்புச் சட்டம், திறன் விளையாட்டுகளுக்கு விலக்களிக்கிறது. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தடை செய்த பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றித் தடை செய்கிறது.