தூரமும் நேரமும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் நம்மவர் பலர், கல்முனையில் வந்திறங்கியதும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "மக்காவிலிருந்து மதீனா ஏறக்குறைய 450 கிலோமீற்றர். நான்கைந்து மணி நேரத்திற் போய்ச் சேர்கிறோம். கொழும்பிலிருந்து கல்முனை அவ்வளவுகூட இல்லையே! இதற்கு ஏன் ஓர் இரவு முழுவதும் செல்கிறது?" என்பதே அது. நேயர்களே, கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்குள் ஒரு பெரிய தவறு மறைந்திருக்கிறது.

தேசப்படத்திற் கொழும்புக்கும் கல்முனைக்கும் நேர்கோடு இழுத்தால் அது ஏறக்குறைய 220 கிலோமீற்றரே. வீதியோ நேர்கோட்டிற் செல்வதில்லை. இடையில் மலைநாடு நிற்கிறது. இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியே வரும் பெருவீதி மலைகளைச் சுற்றிக் கல்முனையை அடையும்போது 400 கிலோமீற்றரை நெருங்கிவிடுகிறது. கண்டி, மகியங்கனை வழி அதனிலும் குறுகியதுதான். ஆயினும் "பதினெட்டு வளைவு" என்று பெயர்பெற்ற மலைச்சரிவு அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஊருக்கு ஊர் சந்தியும் சந்தையும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கிடுகின்றனர்.

இதற்கு மாறான தவறே அதிக ஆபத்தானது. சவூதி அரேபியா, பரப்பிலே இலங்கையைப்போல் முப்பது மடங்குக்கும் மேற்பட்டது. பாடசாலைத் தேசப்படப் புத்தகத்திலோ இரு நாடுகளும் ஒரே அளவான தாளில் அடங்கிவிடுகின்றன. இலங்கைப் படத்தில் ஒரு விரற்கடை குறிக்கும் தூரத்தைப்போல் ஐந்தாறு மடங்கை அந்தப் படத்தின் ஒரு விரற்கடை குறிக்கிறது. றியாத்திலிருந்து மக்கா பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். வீதியிற் சென்றால் 850 கிலோமீற்றருக்கும் அதிகம்.

நமது கண்ணின் பழக்கமும் நம்மை ஏமாற்றுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் கரையில் வளர்ந்தவர் நாம். அடுத்த ஊர் என்றால் சில நிமிட நேரம் என்றே மனம் கணக்கிடுகிறது. பாலைநிலத்தில் அடுத்த ஊர் வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேற்கு அவுஸ்திரேலியாவிலே ஏறக்குறைய 146 கிலோமீற்றருக்கு ஒரு வளைவுமில்லாத வீதி இருக்கிறது.

வளைவில்லாத வீதி எளிதென்று எண்ண வேண்டாம். காட்சி மாறாதபோது மூளை சோர்ந்து போகிறது. பின்னிரவில் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடுகிறது. வேலை முடிந்த கையோடு, வியாழக்கிழமை இரவே உம்றாவுக்காக றியாத்திலிருந்து வாகனத்தைக் கிளப்பும் வாலிபர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி கண்ணயர்ந்தால், வாகனம் 100 மீற்றர் தூரம் சாரதியின்றியே ஓடிவிடுகிறது.

நம் முன்னோரிடம் இதற்கொரு நல்ல அளவுகோல் இருந்தது. பிரயாணி தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய தூரத்தை, ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இரண்டு மர்ஹலா என்று வகுத்துள்ளன. சுமை தாங்கிய பிராணிகளின் நடையில் இரண்டு நாட் பிரயாணம் என்பது அதன் பொருள். வழியில் இறங்கி உண்பதற்கும், தொழுவதற்கும், இளைப்பாறுவதற்கும் வேண்டிய நேரமும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஓய்வைப் பிரயாணத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் எண்ணினர்.

ஆகவே, புறப்படுமுன் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. எத்தனை மணி நேரம் பிடிக்கும், எங்கே எரிபொருளும் தண்ணீரும் கிடைக்கும், எங்கே இறங்கி இளைப்பாறலாம், மாறி ஓட்ட இன்னொருவர் உண்டா என்றும் கேட்டறிய வேண்டும். அங்கிருந்து வருபவர் இங்கே பொறுமையையும், இங்கிருந்து செல்பவர் அங்கே உறக்கத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக. ஒரு மணி நேரம் பிந்திச் சேர்ந்தாலும், வாசலிற் காத்திருப்போருக்கு அது குறையாகாது.