பெட்டி திரும்பிப் போன பிறகு: ரசிகர் மன்றம் பற்றிச் சில குறிப்புகள்

‘விசிலடிச்சான் குஞ்சு’ என்ற வசையை யார் உருவாக்கினார்கள் என்பது முக்கியமில்லை. அதை எல்லோராலும் சொல்ல முடிந்தது என்பதுதான் முக்கியம். காங்கிரஸ்காரர் சொன்னார், தோழர்கள் சொன்னார்கள், சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் சொன்னோம். ஜப்பானில் 1983இல் நகாமோரி அகியோ என்ற எழுத்தாளர், சித்திரக்கதைகளுக்கும் கார்ட்டூன் படங்களுக்கும் பின்னால் அலைந்த இளைஞர்களை ‘ஒடாக்கு’ என்று கேலி செய்து எழுதினார். ரசிகர்கள் கூட்டமாகத் தென்பட்டவுடன் படித்தவர்கள் முதலில் செய்வது, அவர்களுக்கு ஒரு பெயர் வைத்துத் தள்ளி நிறுத்துவது. அந்தப் பெயரை எடுத்து வைத்துவிட்டு, ரசிகன் என்னதான் வேலை செய்தான் என்று கேட்டுப் பார்க்கலாம்.

1

திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள ஊர்களை எடுத்துக்கொள்வோம். நிலம் மடத்தினுடையது, கோயிலினுடையது, மிராசுதாருடையது. தமிழுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு: காசி மடம், அது பதிப்பித்த நூல்கள், செந்தமிழ்க் கல்லூரி. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் போனவரின் மகனுக்கு, தன் பெயர் எழுதிய பலகை ஒன்று ஊரில் எங்கே இருந்தது? கோயில் மரியாதை பரம்பரையாக வருவது. அவன் வீட்டுக்கு அது வந்ததில்லை. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாயச் சங்கம்தான் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக அவன் அப்பனை நிமிர வைத்தது. கிளை, கொடி, கூட்டம் என்ற வடிவத்தை இந்தப் பகுதி உழைப்பாளிகள் அங்கேதான் கற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே வடிவத்தை வேறொரு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர் பேடு, தலைமை மன்றத்தின் பதிவு எண் போட்ட பலகை. கேட்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் கூட்டம் கூட்டுவது, வசூல் பண்ணிக் கணக்கு காட்டுவது, போலீஸ் ஸ்டேஷனில் போய் அனுமதி கேட்பது, இதெல்லாம் அதிகாரம் என்ற ஒன்றோடு பேசிப் பழகுகிற பயிற்சி. இருபது வயதுப் பையனுக்கு அதை வேறு யார் தந்தார்கள்?

சினிமாக் கொட்டகையின் சமூக முக்கியத்துவத்தைக் கா. சிவத்தம்பி 1981இலேயே சுட்டிக்காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு அது. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட்டுக் காசு. சரிதான். ஆனால் படம் விட்டதும் எல்லோரும் அவரவர் தெருவுக்குத்தான் திரும்பினார்கள். மன்றம் பிறந்தது கொட்டகைக்கும் தெருவுக்கும் இடையில் இருந்த அந்த வழியில்.

2

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்காவில் ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கான முதல் ரசிகர் சங்கம் 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. ஃப்ரெட் பேட்டன் முதலியோர் அதைத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் வந்த ரோபோத் தொடர்களை வீடியோ நாடாவில் பதிந்தார்கள், நகல் எடுத்தார்கள், தபாலில் மாற்றிக்கொண்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1975 டிசம்பரில், டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட சித்திரக்கதைகளை விற்கும் சந்தை ஒன்று தொடங்கியிருந்தது. முதல் சந்தையில் 32 குழுக்கள். இரண்டு இடத்திலும் ரசிகன் கையில் ஒரு பொருள் இருந்தது. நாடா இருந்தது, அச்சிட்ட தாள் இருந்தது.

நம் ஊர் ரசிகன் கையில் என்ன இருந்தது? படம் பெட்டியில் வரும். கும்பகோணத்தில் ஓடி முடித்து, கீறல் விழுந்து, டூரிங் டாக்கீஸுக்கு வரும். ‘பெட்டி வந்துருச்சா?’ என்பதுதான் ஊரின் கேள்வி. பெட்டிக்கு மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். ஒரு வாரம் ஓடும். அப்புறம் பெட்டி திரும்பிப் போய்விடும்.

படத்தை வைத்துக்கொள்ள முடியாதவன், படத்தைச் சுற்றியிருப்பதை எல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டான். மைதாப் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டினான். தட்டி கட்டினான், தோரணம் கட்டினான், திரைக்குச் சூடம் காட்டினான். லாஸ் ஏஞ்சல்ஸ்காரன் நாடாவை வைத்திருந்தான் என்றால், இவன் தெருவை வைத்திருந்தான். நம் ரசிகர் மன்றம் அரசியலானதற்கு ‘தமிழனின் தனிநபர் வழிபாடு’ போன்ற சோம்பேறித்தனமான விளக்கங்கள் தேவையில்லை. கொடி, தட்டி, ஊர்வலம், சுவர் எல்லாம் ஏற்கனவே அரசியலின் கருவிகள். அதே கருவிகள்தான் மன்றத்தின் கையிலும் இருந்தன.

3

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது மன்றங்கள் கட்சிக் கிளைகளாக மாறின. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்றார்; 1977இல் ஆட்சியே வந்தது. அந்த ஆட்சி ஏழைகளுக்கு எதிராகவே இயங்கியது என்பதையும், அதற்கு ஏழைகளின் சம்மதம் எப்படிக் கிடைத்தது என்பதையும் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார்.

ஆனால் பிம்பம் இருந்தால் போதும், ஓட்டு தானாக விழும் என்றும் இல்லை. சூரக்கோட்டையைச் சொந்த ஊராகக் கொண்ட சிவாஜி கணேசன், 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி 1989இல் இதே டெல்டாவில், திருவையாறு தொகுதியில் நின்றார். தோற்றார். ‘நீ எம்ஜியாரா, சிவாஜியா?’ என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கட்சி பிரிந்து நின்ற மண் இது. இரண்டு பக்கமும் மன்றங்கள் இருந்தன. எம்.ஜி.ஆர். மன்றத்துக்காரன் இருபது வருஷம் தி.மு.க. மேடைக்குக் கீழே நின்று அரசியல் படித்தவன். சிவாஜி மன்றத்துக்காரன் கடைசிவரை ரசிகனாகவே நடத்தப்பட்டான். பிம்பத்தின் பலம் என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி ரசிகனின் வேலைப் பயிற்சி.

4

இதனால் மன்றத்தை விடுதலைக் களமாக்கிவிட வேண்டாம். பெண்கள் எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட்டார்கள். மன்றமோ பெரும்பாலும் ஆண்களின் இடம். இரவில் தெருவில் நின்று பசை காய்ச்சும் உரிமை அவளுக்கு இல்லை. சாதியும் கலைந்துவிடவில்லை. ஊருக்கொரு பலகை, சேரிக்கொரு பலகை என்று ஒரே நடிகருக்கு இரண்டு மன்றம் இருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கொட்டகை சேர்த்து உட்கார வைத்தவர்களைப் பலகை பிரித்து நிற்க வைத்தது.

இன்னொன்று, இதைவிடக் கசப்பானது. உழைப்பு ரசிகனுடையது; கையெழுத்து நடிகருடையது. 2011இல் அஜித் தன் மன்றங்களைக் கலைத்தார். 2021 ஜூலையில் ரஜினி மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு மறுபடி ரசிகர் நற்பணி மன்றமானது. 2005இல் விஜயகாந்தும் 2024இல் விஜயும் மன்றங்களின் மேல் கட்சி கட்டினார்கள். கலைத்தாலும் கட்டினாலும் முடிவு அறிக்கையாக மேலிருந்துதான் வந்தது. இரத்ததானம் செய்தவனை, நோட்டுப் புத்தகம் கொடுத்தவனை, நீர்மோர்ப் பந்தலுக்குக் கைக்காசு போட்டவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்றத்தில் எல்லாப் பதவிக்கும் ஆள் உண்டு, பொதுக்குழுதான் கிடையாது.

நாம் கேட்க வேண்டியது, ‘இவன் ஏன் நடிகன் பின்னால் போகிறான்?’ என்பதல்ல. கூட்டம் கூட்டத் தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த, ராத்திரி முழுக்கக் கூலி இல்லாமல் உழைக்கத் தெரிந்த இத்தனை பேருக்கு, அவர்களே தீர்மானம் போட்டு, அவர்களே கலைக்கவும் கூடிய ஒரு சங்கத்தை நாம் ஏன் தர முடியவில்லை? பெட்டி திரும்பிப் போனது. தெருவில் அவன் இன்னும் நிற்கிறான்.