ஐம்பதுக்கு மேல் ஒரு குரு: தெரியுமா?

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஐம்பதைத் தொட்ட எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: "இனிமேல் நான் என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறேன்?" ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள்! மனிதரின் சொல்வளமும் காரணம் கண்டறியும் திறனும் உச்சத்தைத் தொடுவதே நடுவயதில்தான், தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டிலில் 1956இல் வார்னர் ஷாயி தொடங்கிய ஆய்வு, ஒரே ஆட்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து கண்ட உண்மை இது.

அந்த வயதில் கற்றுக்கொடுக்க வரும் குருவுக்கு இன்று 'கோச்' என்று பெயர். நிர்வாகிகளுக்கு வழிகாட்டும் இந்தக் 'கோச்' என்ற சொல் ஹங்கேரியில் வண்டி செய்த ஒரு கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது, தெரியுமா? கோச் என்ற அந்த ஊரின் குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே நிலைத்தது. பிறகு, தேர்வு என்னும் தூரத்தைக் கடக்க மாணவனை ஏற்றிச் செல்பவர் என்று ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் ஆசிரியரை அப்படி அழைத்தார்கள். நம் ரயில் பெட்டியும் அதே 'கோச்'தான்!

கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட்டிடம் ஒரு கோச்சை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தமக்கு எதற்கு என்றுதான் முதலில் நினைத்தார். வந்தவர் பில் கேம்பல், கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்! ஸ்டீவ் ஜாப்ஸும் அவரிடம் மனம்விட்டுப் பேசியவர்.

நம் ஊருக்கு வருவோம். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என். சந்திரசேகரன் 1987இல் டாடா குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ்ஸில் சேர்ந்தார். அதன் தலைமை நிர்வாகி எஸ். ராமதுரையின் நிர்வாக உதவியாளராக இருந்து, ஒரு பெரிய நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தார். 2009இல் அதே ராமதுரையின் நாற்காலிக்கு வந்தார்; 2017இல் டாடா சன்ஸின் தலைவர்! இதற்கு நடுவே 2007இல் டாக்டர் சர்க்கரை நோய் என்று எச்சரித்ததும் ஓடத் தொடங்கி, மாரத்தான்களே முடித்திருக்கிறார். அப்போது வயது நாற்பத்து நான்கு வாக்கில்.

ஆனால் என்னை உண்மையில் திகைக்க வைப்பது கண்ணாடிக் கட்டடங்களில் நடக்கும் கோச்சிங் அல்ல. ஜோக்கின் அற்புதம் என்ற மனிதரைத் தெரியுமா? கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், இளம்வயதில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தவர். செம்பூரை அடுத்த மான்கூர்டின் ஜனதா காலனியில் குப்பை அள்ள நகராட்சி வராதபோது, குழந்தைகளைத் திரட்டி, குப்பையைச் சுமந்துபோய் நகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டச் செய்தார்! 1976இல் அந்தக் காலனியே இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர் உருவாக்கிய தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு தாராவி வரை வேர்விட்டது. 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ.

அவருடைய பயிற்சி முறையைக் கேளுங்கள்! வகுப்பறை கிடையாது, விரிவுரை கிடையாது. ஒரு குடியிருப்பின் ஆட்களை இன்னொரு குடியிருப்புக்குக் கூட்டிப் போவார். "நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று வந்தவர்களே அங்கிருப்பவர்களைக் கேட்பார்கள். பணம் வாங்கும் எந்த ஆலோசகரும் இதைவிடக் கூர்மையான கேள்வியைக் கேட்டுவிட முடியாது என்பது என் எண்ணம்.

கூட்டமைப்பின் தோழிகள் 1986இல் உருவான 'மகிளா மிலன்' பெண்கள். பைக்குலா நடைபாதையில் குடும்பம் நடத்தியவர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேமிப்புக் கணக்கை எப்படி வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத்துக் காகிதத் துண்டு. பையைப் பிரித்து நிறங்களை எண்ணினால் கணக்கு முடிந்தது! தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதையும் தாங்களே முடிவு செய்து, துணியும் மரமும் கொண்டு நிஜ அளவிலேயே மாதிரி வீடு எழுப்பிக் கண்காட்சி வைத்தார்கள். அதிகாரிகள் வந்து, உள்ளே நுழைந்து பார்த்தார்கள்.

பிறகு அந்தப் பெண்கள் விமானம் ஏறினார்கள். தென்னாப்பிரிக்காவின் தகரக் குடிசைப் பெண்களுக்குச் சேமிப்பும் கணக்கெடுப்பும் கற்றுக்கொடுத்தார்கள். 1996இல் பல நாட்டுக் குடிசைவாசிகளை இணைத்து ஓர் உலகக் கூட்டமைப்பு பிறந்தது. அதன் தலைவராகவும் அந்தத் தச்சர் அற்புதம் இருந்தார்.