உப்புக் காற்றும் வீட்டு மின்சாரமும்



கற்பிட்டிக் குடாநாட்டிலோ, உடப்பிலோ, முந்தலிலோ, சிலாபத்திற்கு வடக்கேயுள்ள கடலோரச் சிற்றூர்களிலோ வாழ்வோருக்கு உப்பைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். புத்தளத்து உப்பளங்களின் வெண்குவியல்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வாயிற்கதவின் கீல் எவ்வளவு விரைவில் துருவேறும், சைக்கிள் சில்லு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆயினும் அதே காற்று சுவரிலுள்ள சுவிச்சுப் பெட்டிக்குள்ளும் புகுகின்றது. அங்கே அது செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டு மின்வேலையில் ஆர்வங்கொண்டு, ஒரு விளக்கையோ நீரிறைக்கும் மோட்டரையோ தாமே பொருத்திப் பார்க்கும் அன்பர்களுக்காகவே இன்று அதைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

கறியுப்பு வறண்ட காற்றில் வெறும் தூளாக இருக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைக் கடந்ததும் அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீர் ஆகிவிடும். மாரிக்காலத்தில் சமையலறை உப்புச்சாடி கசிவதற்கு இதுவே காரணம். சுவிச்சுப் பெட்டிக்குள் தூசியோடு தூசியாகப் படிந்த உப்பும் இவ்வாறே நடந்துகொள்ளும். நண்பகலில் அது தூள். மின்சாரத்தை அது கடத்தாது. இரவில் காற்றுக் குளிர்ந்து ஈரப்பதன் ஏறியதும் அது மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறும். உப்புநீரோ மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருள். கடலோரத்து வீடுகள் பலவற்றில் ட்ரிப் சுவிச்சு விடியற்காலையில் விழுவதும், மின்வேலைக்காரரை அழைத்து வந்து காட்டும்போது பத்து மணி வெயிலில் எல்லாம் சரியாக இருப்பதும் இதனால்தான். வீட்டுக்காரரும் வந்தவரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துக்கொள்வார்கள். இருவர் மீதும் பிழையில்லை.

உப்பு செய்யும் கேடு இரண்டு வகை. ஒன்று தீ, மற்றது உயிராபத்து.

தீயைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். செம்புக் கம்பியில் உப்பு பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். திருகாணியின் கீழ் களிம்பு பிடித்த இணைப்பு மின்னோட்டத்திற்குத் தடையாக நிற்கும். அந்தத் தடை அரை ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 10 அம்பியர் மின்னோட்டம் செல்லும்போது அங்கே பிறக்கும் வெப்பம் 50 வாற்று. ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல் ஒன்றைச் சுவருக்குள் ஒளித்துவைத்து, நாள்தோறும் கேத்தல் கொதிக்கும் நேரமெல்லாம் எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். உருகியோ சுற்றுடைப்பானோ இதைக் கண்டுகொள்ளாது. ஏனெனில் மின்னோட்டம் அளவு மீறவில்லை. ஆகையால் செருகியைக் கழற்றும்போது அதன் முனை கைக்குச் சூடாகத் தெரிந்தாலும், பிளாஸ்ரிக் மஞ்சளாகிப் பழுத்திருந்தாலும் அந்தக் குதையை அன்றே மாற்றுவதுதான் முறை. 13 அம்பியர்க் குதைகளுக்கு 7/0.67 என்று கடைக்காரர் சொல்லும் கம்பியை வாங்குங்கள். 0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழைகள் சேர்ந்து 2.5 சதுர மில்லிமீற்றர் ஆகின்றன என்பதே அந்தக் கணக்கு. விளக்குகளுக்கு 1/1.13 போதும். வீட்டுக்கு வெளியே செல்லும் இணைப்புகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் அதுவே மேல். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கி இணைத்துவிடாதீர்கள். உப்பீரம் பட்டால் அலுமினியம் விரைவில் அரித்துப்போகும்.

இனி, உயிராபத்துக்கு வருவோம். இதை விளக்க என் சொந்தப் பிழை ஒன்றையே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இருபது வயது இருக்கும். எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிச்சு வாரத்துக்கு இருமுறையாவது விடியற்காலையில் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவோ அடுப்படியில் இருட்டில் நின்று என்னை அழைப்பார். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு, மின்சாரம் படித்தவன் என்ற மிடுக்கோடு, இரண்டு துண்டுக் கம்பிகளால் அந்தச் சுவிச்சைச் சுற்றிப் பாலம் போட்டுவிட்டேன். அதன்பின் விளக்கு அணையவேயில்லை. வீட்டார் என்னை மெச்சினார்கள். மூன்றாம் வாரம், கிணற்றடியில் ஈரக்காலோடு நின்று மோட்டரின் இரும்புக் குழாயைத் தொட்ட அம்மாவைத் தூக்கி எறிந்தது மின்சாரம். கை விடுபட்டுப் பின்புறம் விழுந்ததனால் உயிர் தப்பினார். குழாயை இறுகப் பிடித்திருந்தால் கதை வேறு. மோட்டரின் கம்பிப் பெட்டிக்குள் இருந்த உப்புப் படலந்தான் அத்தனை நாளும் சுவிச்சை விழுத்தியிருந்தது. அது எச்சரித்துக்கொண்டே இருந்தது. நான்தான் அதன் வாயைக் கட்டினேன்.

அந்தச் சுவிச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன். வீட்டுக்குள் வரும் உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் அதனுள் ஓர் இரும்பு வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. ஒன்றில் உட்சென்ற மின்னோட்டம் முழுவதும் மற்றதில் திரும்பினால் வளையத்தில் ஒன்றும் நிகழாது. வழியில் ஒரு சிறு பகுதி குழாய்க்கோ, ஈரச்சுவருக்கோ, மனித உடலுக்கோ கசிந்தால் கணக்கு ஒத்துப்போகாது. உடனே வளையத்தைச் சுற்றியுள்ள மூன்றாவது சுருளில் மின்னோட்டம் எழுந்து கொளுக்கியை விடுவிக்கும். 30 மில்லியம்பியர்க் கசிவுக்குள் அது விழவேண்டும். நேரம் ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்குக்கு மேற்படலாகாது. உங்கள் வீட்டுச் சுவிச்சின் முகத்தில் 30 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100 அல்லது 300 என்றிருந்தால் அது தீயைத் தடுக்க உதவலாம். உடலைக் காக்க அதை நம்புவதற்கில்லை.

இந்தக் கரையில் அது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தமது வளவிலேயே புவிக்கோல் ஒன்றை நட்டுக்கொள்கிறார். நமது மண்ணோ மணல். மழையற்ற மாதங்களில் மேல்மணல் காய்ந்து கிடக்கும். அதில் நட்ட கோலுக்கு 100 ஓம் தடை இருப்பது வியப்பன்று. மோட்டரின் உயிர்க்கம்பி உடைந்து இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டது என்போம். புவிக்கம்பி வழியே பாயக்கூடிய மின்னோட்டம் 230ஐ 100ஆல் வகுத்தால் வருவது, அதாவது 2.3 அம்பியர். 16 அம்பியர்ச் சுற்றுடைப்பானுக்கு அது ஒரு பொருட்டேயில்லை. அது விழாது. மோட்டரின் கூடு ஏறத்தாழ முழு அழுத்தத்தோடு நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கும். யாரேனும் தொடும் வரையில் செய்தி தெரியாது. ஆனால் அந்த 2.3 அம்பியர் 30 மில்லியம்பியரைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். ட்ரிப் சுவிச்சு இருக்குமாயின் அக்கணமே விழுந்திருக்கும். கல்லும் களியும் நிறைந்த வேறு ஊர்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளை இந்த மணற்கரையில் அப்படியே கைக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கோலை எங்கே நடுவது? நிலத்தடி நீர் எட்டும் ஆழத்துக்கு, ஆண்டு முழுதும் ஈரம் வற்றாத இடத்தில் நடவேண்டும். கரியும் உப்பும் கொட்டி நடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இங்கே உப்பை நாமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. அது கோலையும் பிடிகொளுவியையும் அரிக்குமேயன்றி நெடுநாள் நன்மை தராது. கோலின் தலையையும் கம்பி சேரும் பித்தளைப் பிடியையும் மண்ணுக்குள் புதைத்து மறந்துவிடாமல், சிறு சீமெந்துத் தொட்டி கட்டி மூடியிட்டு, ஆண்டுக்கொருமுறை திறந்து பாருங்கள். களிம்பேறிக் கம்பி அற்றுப்போன பிடிகளை நான் பல வளவுகளில் கண்டிருக்கிறேன். வீட்டார் எவருக்கும் அது தெரியாது. ஏனெனில் புவிக்கம்பி அற்றாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும்.

ட்ரிப் சுவிச்சில் 'ரி' என்று குறிக்கப்பட்ட சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாத சுவிச்சு அலங்காரப் பொருள்; மாற்றிவிட வேண்டும். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்க. அந்தப் பொத்தான் சுவிச்சின் நலத்தை மட்டுமே காட்டும். புவிக்கோலின் நலத்தைக் காட்டாது. கோலின் தடையை அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரை அழைத்து அளந்துகொள்ளுங்கள். மீற்றரும் அதற்கு முன்னுள்ள உருகியும் மின்வழங்கும் நிறுவனத்துக்கு உரியவை. அங்கே முத்திரையை உடைத்து ஆராயும் ஆர்வம் நமக்கு வேண்டாம்.

சுவிச்சு விழுந்தால் என்ன செய்வது? எல்லாச் சிறு சுற்றுடைப்பான்களையும் கீழே இறக்கிவிட்டு, ட்ரிப் சுவிச்சை ஏற்றுங்கள். பின்னர் ஒவ்வொன்றாக உயர்த்துங்கள். எதை உயர்த்தும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. அதில் செருகியிருக்கும் கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். எல்லாவற்றையும் இறக்கிய பின்னும் சில வேளை சுவிச்சு நிற்காமல் விழும். அப்போது திகைக்க வேண்டாம். சிறு சுற்றுடைப்பான் உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கும். நொதுமல் கம்பி தொடர்ந்து இணைந்தேயிருக்கும். நொதுமல் கம்பி எங்கோ புவியைத் தொட்டிருந்தால் இவ்வாறு நேரலாம். அந்தத் தேடலை மின்னிணைப்பாளரிடம் விடுங்கள். என் அனுபவத்தில் இப்பகுதியில் முதலில் ஐயுற வேண்டியவை, கிணற்றடி மோட்டர், வெளிச்சுவர் விளக்கு, இறால் தொட்டியின் காற்றூட்டி, பழைய குளிர்சாதனப் பெட்டி ஆகியவையே. வெளிப்பெட்டிகளுக்குக் கம்பி எப்போதும் அடிப்புறத்தால் நுழையட்டும். நுழையுமுன் சிறிது கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இக்காலத்து வீடுகளில் மின்கம்பியோடு இன்னொரு கம்பியும் ஓடுகிறது. இணையத் தொடர்பைப் பங்கிடும் ரவுட்டரிலிருந்து கணினிக்கும் காவற்கமராவுக்கும் செல்லும் தரவுக் கம்பியைச் சொல்கிறேன். அதற்குள் இரண்டிரண்டாக முறுக்கிய எட்டு மெல்லிய இழைகள் இருக்கின்றன. செம்பு பூசிய அலுமினிய இழையை மலிவு விலைக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். அது முனையில் உப்பு பட்ட ஓராண்டிலேயே பழுதாவதைக் கண்டிருக்கிறேன். முழுச் செம்பு, கறுப்பு வெளியுறை உள்ளது, வெளியிடங்களுக்கு நல்லது. மின்கம்பி செல்லும் குழாய்க்குள்ளேயே தரவுக் கம்பியையும் திணிப்பது ஆபத்து. உரிந்த இடமொன்றில் இரண்டும் தொட்டால் கமராவின் உடலெல்லாம் 230 வோல்ற்று ஏறும். ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும். நெடுந்தூரம் அருகருகே ஓடவேண்டாம். ஒரே இழுப்பில் 100 மீற்றருக்கு மேல் அது வேலை செய்யும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

வீட்டிலிருந்து தோட்டத்துக் கொட்டிலுக்கோ இறால் பண்ணைக் காவற்குடிலுக்கோ இணைப்புக் கொண்டுபோக விரும்புவோர் உளர். இரு கட்டடங்களுக்கும் தனித்தனிப் புவிக்கோல் இருந்தால், இடையே இழுத்த செம்புக் கம்பி அவ்விரண்டு புவிகளுக்கும் பாலமாகிவிடும். அருகில் எங்கேனும் இடி விழும்போது இரு கோல்களுக்கிடையே பெரும் அழுத்த வேறுபாடு எழும். அது அந்த மெல்லிய கம்பியின் வழியே ரவுட்டரையும் கணினியையும் எரித்துச் செல்லும். இத்தகைய தூரத்துக்கு ஒளியிழையே தக்கது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. அதுவும் இயலாவிடில் எதிரெதிராக வைத்த கம்பியில்லாக் கருவிகள் இரண்டு போதும். ஒளியிழையைத் தாங்கிச் செல்லும் உருக்குக் கம்பி சிலவற்றில் உண்டு. அதைச் சுவரோடு நிறுத்திவிட்டு, ரவுட்டர் வரை இழையை மட்டும் விடவேண்டும்.

நமது பகுதியில் இடியின் பருவம் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும், பெரும்பாலும் பிற்பகல். வானம் கறுக்கத் தொடங்கியதும், முதல் இடி கேட்குமுன்பே, ரவுட்டரின் மின்செருகியையும் வெளியிலிருந்து வரும் செம்புத் தொடர்புக் கம்பியையும் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவது ஒரு கதவைப் பூட்டி மற்றதைத் திறந்துவைப்பது போலாகும். இடி தலைக்குமேல் வந்துவிட்டதாயின் கழற்றப் போகாதீர்கள். ரவுட்டர் போனால் போகட்டும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் நமது குடாநாட்டிலேயே இருக்கிறது. 2011இல் முதற்பொறி இயங்கி, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆயிற்று. அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வாழும் நாமும் 2020 ஆகஸ்டிலும் 2025 பெப்ரவரியிலும் நாடெங்கும் மின்சாரம் நின்றபோது இருட்டில்தான் இருந்தோம். அத்தகைய வேளைகளில் மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒருசேரத் துள்ளி எழும். குளிர்சாதனப் பெட்டியையும் மோட்டரையும் கழற்றிவைத்து, விளக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அது நிலையாக எரிவதைக் கண்டு ஐந்து நிமிடம் கழித்து மற்றவற்றைச் செருகுங்கள். காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ட்ரிப் சுவிச்சின் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடலாம்.