இருவர் ஓடும் முதல் அரை மாரத்தான்

அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரில் சரிபாதி. முதன்முறை ஓடுபவருக்கு ஜோடி அமைந்தால் விடியற்காலைப் பயிற்சிக்கு மட்டம் போடுவது குறையும். மெதுவாக ஓடுபவரின் வேகமே இருவரின் வேகம். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாதவர்கள்தான் பாதி வழியில் முறைத்துக்கொள்கிறார்கள். மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. கூட்டத்தின் உற்சாகத்தில் தொடக்கத்திலேயே விரட்டி ஓடினால், தசைகளில் சேமித்த கிளைகோஜன் சீக்கிரம் கரைந்து கடைசி 5 கிலோமீட்டரில் கால் கனக்கும். சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் சூடும் தணியாது. ஒருவருக்குத் தலைசுற்றலோ பேச்சில் குழறலோ தெரிந்தால் மற்றவர் ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். வெறும் களைப்பு என்றால் வேகமானவர் முன்னே போகலாமா என்பதும் பயிற்சிக் காலத்திலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம்.