பட்டினி மனதை என்ன செய்யும்?

1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் ஓர் ஆய்வுக்கு முன்வந்தார்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிய, உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அவர்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார்.

உடல் இளைத்தது. கூடவே மனமும் மாறியது. சமையல் குறிப்புப் புத்தகங்களை ஓயாமல் படித்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தையும் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். சிடுசிடுத்தார்கள், சிரிப்பை மறந்தார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள்.

சாப்பாட்டைத் தானே ஒதுக்கவைக்கும் மனநோயான அனோரெக்ஸியா நெர்வோசா புகுந்த வீட்டிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். வீட்டில் எல்லோருக்கும் முறுகலாகத் தோசை வார்த்துக் கொடுப்பாள் மகள். "நான் அப்பவே சாப்பிட்டேன்மா" என்பாள். வற்புறுத்தி உட்கார வைத்தால், அரைத் தோசையைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருப்பாள். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். மாதவிலக்கு நின்று மாதங்கள் ஆகியிருக்கும். பையன்களுக்கும் இந்த நோய் வரும். அவர்களுக்கு இருக்கும் என்று யாரும் சந்தேகிக்காததால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

மினசோட்டா இளைஞர்கள் சோற்றுக்கு ஏங்கினார்கள். இவளுக்கோ எடை கூடிவிடுமோ என்ற பயம். எலும்பு துருத்தினாலும் கண்ணாடியில் தன்னைக் குண்டாகவே பார்க்கிறாள். இந்த நோயில் மரபணுவுக்கும் பங்குண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன; 2019-ல் வெளியான பெரிய ஆய்வு, உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் மரபணுத் தொடர்பைக் காட்டியது. இவ்வளவு தெரிந்த பிறகும் 'திமிர்' என்று பிள்ளையைத் திட்டுவதும், 'வளர்ப்பு சரியில்லை' என்று தாயைக் குத்திக்காட்டுவதும் பெரிய அநியாயம். பயத்தால் சாப்பாடு குறைகிறது. பட்டினியால் பிடிவாதமும் பயமும் இறுகுகின்றன. அந்த நிலையில் எத்தனை புத்திமதி சொன்னாலும் ஏறாது.

அதனால்தான் சிகிச்சையில் சாப்பாடே முதல் மருந்து. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறையில், வளரிளம் பிள்ளை என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு என்பதைப் பெற்றோரே முடிவு செய்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். பழி யார் மீதும் இல்லை. எடை தேறத் தேறப் பொறுப்பு பிள்ளையின் கைக்குத் திரும்புகிறது.

ஆனால் டாக்டரைப் பார்க்காமல் வீட்டிலேயே இதைத் தொடங்கிவிடக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயே இதயத்தையும் தாக்கும்: பாடகி கேரன் கார்பென்டர் 1983-ல், 32 வயதில், அனோரெக்ஸியாவால் இதயம் பழுதாகித்தான் இறந்தார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும்: முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரையும் அதே வாரத்திலேயே பாருங்கள்.