புண் ஆறியது, மூளை ஆறியதா?

"இப்பொழுது முழுக்கக் குணமாகிவிட்டதல்லவா?" என்று நம் தமிழ் மன்ற நண்பர்கள் என்னைக் காணும்போதெல்லாம் அன்போடு கேட்கின்றனர். நானும் "ஆம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை நின்றபடியே சொல்லி முடிக்க இயலாது. ஆகவே மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தில்லியில் மூடுபனி இறங்கும் காலம். நண்பன் ஒருவனுடைய இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவன் தலைக்கவசம் அணிந்திருந்தான். பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும் என்பதே சட்டம், ஆனால் "பின்னால் உட்காருகிறவனுக்கு எதற்கு?" என்று நான் அணியவில்லை. பனிக்குள் நின்றிருந்த லாரி தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவனுக்குக் கை முறிந்தது. என் தலையின் இடப்பக்கம் தரையில் மோதியது. அடுத்த 11 நாட்கள் என் வாழ்க்கையில் இல்லை. அவற்றுள் கடைசி நான்கு நாட்கள் நான் கண் விழித்திருந்தேனாம். கஞ்சி கூடக் குடித்தேனாம். ஒன்றும் மனத்தில் பதியவில்லை. நினைவு பதியாத இந்த இடைவெளியின் நீளத்தைக் கொண்டும் காயத்தின் கடுமையை மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

தலையில் அடிபட்டால் உள்ளே என்ன நிகழ்கிறது? மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. இறுகிய தயிரைப் போலக் குழைவானது. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல் இருக்கும் அது, தலை மோதும்போது எலும்பில் இடிக்கிறது. பின்வாங்கி எதிர்ப்பக்கத்திலும் இடிக்கலாம். ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் நுண்ணிய இழைகளால் இணைந்துள்ளன. அந்தக் குலுக்கலில் அவ்விழைகள் பல இழுபட்டு அறுகின்றன. அதன்பின் வீக்கம். கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும், மண்டையோடு கொடுக்காது. வீங்கும் மூளை தன்னைத்தானே நெருக்குகிறது. அதற்கு வரும் இரத்தமும் குறைகிறது. முதல் நாட்களில் மருத்துவர்கள் போராடுவது பெரும்பாலும் இந்த வீக்கத்தோடும் இரத்தக் கசிவோடும்தான். அந்தப் போரில் அவர்கள் வென்றார்கள். எனக்குரிய வேலை அதற்குப் பிறகே தொடங்கியது.

என் நினைவில் பதிந்த முதற்காட்சி அம்மாவின் முகம். "நான் யாருன்னு தெரியுதாப்பா?" என்று கேட்டாள். தெரிந்தது. ஆனால் "அம்மா" என்ற சொல் வரவில்லை. பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மையார் ஒருவர் நாள்தோறும் வந்து படங்களைக் காட்டி, "இது என்ன?" என்று இந்தியில் கேட்பார். சீப்பின் படத்தைக் கண்டதும் என் கை தலை வாருவதுபோல் அசையும்; வாய் அசையாது. ஒரு நாள் திடீரென்று "சீப்பு" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு ஏட்டில் தவறு என்று குறித்தார். பத்து இந்திச் சொற்கள் மட்டுமே அறிந்த அம்மா அந்தப் பத்தையும் கொண்டு சண்டைக்குப் போனாள். மறுநாள் அந்த அம்மையார் ஒரு குறிப்பேட்டோடு வந்தார். அதில் சீப்பு, குடை, கடிகாரம் என்று அம்மாவைக் கேட்டுத் தேவநாகரி எழுத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பேட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

1861-இல் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவர், பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டும் "டான்" என்ற ஓரசையையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்த ஒரு நோயாளியைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது இடப்பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கமே என்பது அதன் பின் தெளிவாயிற்று. எனக்கும் அடி அந்தப் பக்கந்தான். பல மொழி அறிந்தவர்க்கு எம்மொழி முதலில் திரும்பும்? முதலில் கற்றதே என்றார் ஒரு பிரெஞ்சு அறிஞர். மிகுதியாகப் பழகியதே என்றார் மற்றொருவர். எல்லாருக்கும் பொருந்தும் விதி இல்லை. பலருக்கு மொழிகள் சேர்ந்தே திரும்புகின்றன. எனக்குத் தமிழ் முன்னே வந்தது. இந்தியில் எண்களைச் சொல்ல இன்றும் தடுமாறுகிறேன்.

இறந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் மீண்டும் முளைப்பதில்லை. அப்படியானால் இழந்த திறமை எவ்வாறு திரும்புகிறது? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வீக்கம் வடிய வடிய, சாகாமல் செயலற்றுக் கிடந்த பகுதிகள் மீண்டும் விழிக்கின்றன. இரண்டாவது, பிழைத்த நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டுப் புதிய இணைப்புகளை ஏற்படுத்துகின்றன. பழைய பாதை அடைந்துபோனால் ஊரார் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை உண்டாவதுபோல. நடக்காத பாதை உண்டாவதில்லை; எனவேதான் பயிற்சி. மூன்றாவது, திரும்பாத திறமைக்கு ஈடாக வேறு உபாயம் கற்றல். என் சட்டைப்பையிலுள்ள சிறு குறிப்பேடு அத்தகையது. முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் விரைவாக இருக்கும். ஆனால் அத்துடன் நின்றுவிடுவதில்லை.

மாலைதோறும் மன்ற நண்பர்கள் முறை வைத்து வந்தார்கள். தெரிந்த பாட்டொன்றைப் பாடி, அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிடுவார்கள். அதை நான் நிரப்ப வேண்டும். பேச முடியாதவன் பாடினேன்! பாட்டில் மூளையின் வலப்பக்கமும் பங்குகொள்வதால் இது கூடுமென்று கருதுகின்றனர். இம்முறையிலமைந்த பயிற்சி ஒன்றை அமெரிக்க மருத்துவர்கள் 1973-இலேயே விவரித்திருக்கிறார்கள். அன்று நம் நண்பர்களுக்கு இது தெரியாது.

2024 ஜூலையில் விடுதிக்குத் திரும்பினேன். தழும்பை முடி மறைத்துவிட்டது. இனிதான் தொல்லை. உணவுக்கூடத்தில் தட்டின் ஓசையும் நாற்காலி இழுபடும் ஓசையும் நண்பனின் பேச்சும் ஒரே அளவாகக் காதில் விழும். வேண்டாததை வடிகட்டும் வேலையை அடிபட்ட மூளை சரிவரச் செய்வதில்லை. நான்கு பக்கம் படித்தால் மூட்டை சுமந்தவன்போல் களைத்துப்போவேன். பார்த்தவர்கள் சோம்பல் என்றார்கள். நானும் அதை நம்பி, முன்போல் இரவெல்லாம் விழித்துப் படித்தேன். மூன்று நாள் தலைவலி, தேர்வில் தோல்வி. பிறகு 20 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு என்று வகுத்துக்கொண்டேன், தூக்கத்தைக் குறைக்கவில்லை. 2025 மே மாதம் அதே தாளில் தேறினேன்.

போர்க்களத்தில் அடிபட்ட ஒரு மாணவனின் வரலாறு அப்போது எனக்குத் துணையாயிற்று. 1943-இல் சுமோலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்த ஸசெட்ஸ்கி என்ற உருசிய இளைஞன், தான் எழுதியதைத் தானே படிக்க முடியாத நிலையிலும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தன் கதையை எழுதினான். நாளெல்லாம் முயன்றும் சில வரிகளே எழுத இயன்ற நாட்கள் பல. லூரியா என்ற உளவியலறிஞர் அதை 1971-இல் நூலாக்கினார். அவன் முழுக்கக் குணமாகவில்லை. ஆயினும் முயற்சியைக் கைவிடவுமில்லை.

எனக்கும் திரும்பாதது ஒன்று உண்டு: மணம். மூக்கின் மேலே சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே நுழையும் மெல்லிய நரம்பிழைகள் அன்று அறுந்துபோயின. அம்மா வைக்கும் இரசம் இப்போது எனக்குப் புளிப்பும் காரமும் மட்டுமே.

நண்பர்களுக்குச் சில சொற்கள். தலையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசினாலும், திரும்பத் திரும்ப வாந்தி, மிகுந்துவரும் தலைவலி, தூக்கக் கலக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். பின்னர் அவர் சொல்லுக்குத் தடுமாறும்போது நீங்கள் முந்திக்கொள்ளாமல் சற்றுக் காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒருவரே பேசுங்கள். அவர் சினந்தால், சினத்தை அடக்கும் கடிவாளம் மூளையின் முன்பகுதியில் உள்ளதென்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது என் அறைத்தோழன் ஒருவனை எண்ணுகிறேன். தட்டு ஒன்று கை தவறி விழுந்ததற்காக அவனை எல்லார் முன்னிலையிலும் ஏசினேன். மறுவாரம் அவன் வேறு அறைக்குச் சென்றுவிட்டான். காயத்தின்மேல் பழிபோட்டு நான் தப்ப விரும்பவில்லை. இம்மலர் அவன் கைக்கும் போகும். படித்தபின் ஒரு நாள் மாலை அவன் என் அறைக்கு வருவானாயின், தேநீர் போட்டு வைத்திருப்பேன். சொல்ல வேண்டிய சொற்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன.